நிலாவில் இரண்டரை கிலோ

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பு சுகமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவது என் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. பதறாதே, ஆஸ்பத்திரியில் யாரும் படுத்திருக்கவில்லை, உன் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள், நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் காகிதம் நீட்டியிருக்கிறார்கள், மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளைகள் நிஜமாகவே நன்றாக இருந்தால் போடுகிறேன், மறைக்காமல் எழுதுங்கள் அப்பா என்று. தாராளமாகப் போடு என்று எழுதத்தான் இருந்தேன், கவர்கூட வாங்கி வைத்துவிட்டேன். அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைந்தது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய் நான் பாதியில் கத்துவேன், ஆகவே எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில்தான் எனக்கு எழுத வரும், முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசு சோதித்து அறிக்கை எழுதிய கை இது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படி.

சின்னவளின் டீச்சரம்மா ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். ஊரில் புதிதாகத் திறந்திருக்கிற அறிவியல் கூடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போக வேண்டுமாம், அங்கே எல்லாவற்றையும் பிள்ளைகளே தொட்டு இழுத்துத் திருகிப் பார்க்கலாமாம், பிடித்ததைப் படமாக வரைந்து கொண்டுவர வேண்டுமாம். பாடம் நடத்துவது அவள் வேலை, அதற்கு பஸ் ஏறுவது என் வேலை. போனோம். பழைய பஞ்சாலைக் கிடங்குக்கு வெள்ளையடித்து வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மூக்கு வைத்திருக்கிறார்கள். ஆமாம், மூக்குதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது தும்மும், முன்னால் நிற்கிறவர்கள் மேலெல்லாம் தண்ணீர் தெறிக்கும், அதற்குப் பெரியவர்கள் கை தட்டுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவன் தும்மினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகிற இதே ஜனங்கள், ரப்பர் மூக்கு தும்முகிறது என்றதும் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து நனைய வைக்கிறார்கள். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று கையில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனோம், ஏதோ ஆஸ்பத்திரியில் சேர்க்கிற மாதிரி.

உள்ளே ஒரே இரைச்சல். பொத்தானைக் கண்டால் பிள்ளைகள் அமுக்குகிறார்கள், என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடுகிறார்கள். காற்றை ஊதி ஒரு பந்தை அந்தரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அது எப்படி நிற்கிறது என்று நின்று பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, அதைப் பிடுங்கி எறியத்தான் கூட்டம். தொடுங்கள் தொடுங்கள் என்று எழுதிப் போட்டு எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மூன்றுக்கு ஒன்று பழுது. அந்தப் பழுது அட்டை இருக்கிறதே, வழவழவென்று நாலு வண்ணத்தில் அச்சடித்து, சிரிக்கிற பொம்மையெல்லாம் போட்டு, கயிறு கோத்து மாட்டியிருக்கிறார்கள். ஆக எது ஓடுகிறதோ இல்லையோ, பழுதாகும் என்பதில் திறக்கும்போதே அவர்களுக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது.

பிள்ளைகளையாவது மன்னிக்கலாம், பெற்றவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. ஒரு அப்பன்காரன், ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிறது, கப்பி மாட்டிய நாற்காலியில் மகனை உட்கார வைத்து, கயிறு நல்ல கயிறாக இருப்பதால்தான் உன்னை நீயே லேசாகத் தூக்க முடிகிறது என்று விளக்கம் சொன்னான். கயிறு இல்லை, மேலே நாலு கப்பி இருக்கிறது, எண்ணிப் பாருங்கள் என்றேன். சார் நீங்க வாத்தியாரா என்றான். இல்லை, எண்ணத் தெரிந்தவன் என்றேன். அப்புறம் என் பக்கமே திரும்பவில்லை. இன்னொரு அம்மாக்காரி, பெரிய சோப்புக் குமிழிக்குள் மகள் நிற்பதைப் படம் பிடிக்க வேண்டும் என்று, குமிழி உடைய உடையப் பதினோரு தடவை நிற்க வைத்தாள், எண்ணினேன். குழந்தை அழ ஆரம்பித்த பிறகு சிரிடி சிரிடி என்று அதட்டினாள். அந்தப் படத்தை இந்நேரம் சொந்தக்காரர் எல்லோரும் பார்த்து, அடடா குழந்தை எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று எழுதியிருப்பார்கள். தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தெரியாத ஜனங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். நான்தான் திட்டினேன், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

கூடத்துக்குக் கூடம் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பிள்ளை நிற்கிறது, விளக்கம் சொல்வதற்காம். எங்களுக்கு வாய்த்தவளுக்கு இருபது வயசு இருக்கும், எதைக் கேட்டாலும் நீங்க என்ன நினைக்கிறீங்க என்று திருப்பிக் கேட்கிறாள். நான் என்ன நினைக்கிறேன் என்று தெரிந்துகொள்ள நான் எதற்கம்மா வரிசையில் நிற்க வேண்டும் என்றேன். கோபப்படாமல் சிரித்தாள், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. நம் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று கேட்பாய். பெரியவன் மாடி ஏறும்போது இரைக்க இரைக்க வந்தான், நன்றாகச் சாப்பிடுகிறான், பிடித்து வைத்தாற்போல் வளர்கிறான் என்று பூரித்தேன். சின்னவள் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஓடவில்லை, எங்கே பெஞ்சு இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பார், இந்தக் குரங்குக் கூட்டத்தில் ஒரு பிள்ளை அடக்கமாக இருக்கிறது, என் வளர்ப்பு என்று எனக்குப் பெருமை. என் புத்திசாலித்தனத்தின் லட்சணத்தில் இதையும் சேர்த்துக்கொள்.

இரண்டாவது மாடியில் எடைக் கருவி இருந்தது. தரையோடு பதித்த இரும்பு மேடை, எதிரே திரை, சுற்றிலும் கிரகங்களின் படம். ஏறி நின்றால் முதலில் இங்கே உன் எடை என்ன என்று காட்டும், அப்புறம் நிலாவை அமுக்கினால் நிலாவில் எவ்வளவு, வியாழனை அமுக்கினால் வியாழனில் எவ்வளவு. தராசைக் கண்டால் நான் எப்படி ஆவேன் என்று உனக்குத் தெரியும், காலையிலிருந்து அப்போதுதான் ஒரு மரியாதையான பொருளைப் பார்த்தேன். பெரியவன் ஏறினான், இருபத்தெட்டரை கிலோ, நிலாவில் நாலே முக்கால். சின்னவள் ஏறினாள், பதினைந்து கிலோ, நிலாவில் இரண்டரை. அவளுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. நீ விமானம் ஏறிய வாரம் அவன் இருபத்துநாலு, அவள் பதினேழு, ஆறு வயசு ஆகப்போகிற பிள்ளை ஏழு மாசத்தில் இரண்டு கிலோ குறைவாளா? கருவிதான் கோளாறு என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆரஞ்சுச் சட்டைக்காரியைக் கூப்பிட்டு உங்கள் மேடை தப்புக் காட்டுகிறது என்றேன். எதனால அப்படி நினைக்கிறீங்க சார் என்றாள். அவ்வளவுதான், எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. பிள்ளைகளுக்குப் பொய் எடை காட்டுகிற இடத்துக்கு அறிவியல் என்று பெயரா, மேலாளரைக் கூப்பிடு, புகார்ப் புத்தகத்தைக் கொண்டு வா என்று கத்தினேன். கூட்டம் கூடியது, நாலைந்து பேர் என்னைப் படம் பிடித்தார்கள். டை கட்டிய மேலாளர் ஓடி வந்தார். இது சும்மா பசங்க விளையாடறதுக்குத்தான் சார், துல்லியமெல்லாம் முக்கியமில்லை என்றார். துல்லியம் முக்கியமில்லை என்கிறவரை அறிவியல் கூடத்துக்கு மேலாளராக வைத்திருக்கிறார்கள், இவரை மூக்குக்குக் கீழே நிற்க வைத்தால் பொருத்தமாக இருக்கும். அவரோடு பேசிப் பயனில்லை என்று பழுது பார்க்கிற ஆளைக் கூப்பிடச் சொன்னேன். குள்ளமான மனிதர், முழங்கை வரை கிரீஸ். உள்ளே போய் ஒரு இருபது கிலோ எடைக்கல்லும் ஒரு ஐந்து கிலோ எடைக்கல்லும் கொண்டு வந்து வைத்தார். இருபது வைத்தால் இருபது, ஐந்து வைத்தால் ஐந்து, இரண்டும் வைத்தால் இருபத்தைந்து. நாலு மூலையிலும் மாற்றி வையுங்கள் என்றேன், மூலைக்கு மூலை மாறாமல் நின்றது. கல்லே பொய்யோ என்று குனிந்து முத்திரையைப் பார்த்தேன். இந்த வருஷத்து முத்திரை, எங்கள் ஆபீஸ் முத்திரை, எனக்குக் கீழே வேலை பார்த்தபோது தேதிகூட ஒழுங்காகப் போடத் தெரியாத மண்டு என்று நான் தினமும் திட்டிய பையன் குத்தியது. சுத்தமாகக் குத்தியிருந்தான். அந்த மேடையில் ஒரு பிசகும் இல்லை.

மகளே, மாசம் முதல் தேதி பிள்ளைகளை நிறுத்து உனக்கு எழுதிக்கொண்டே வந்தேனே, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றரை, நாற்பத்திரண்டு, இப்போது நாற்பத்துமூன்றரை என்று. நீயும் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாய். அது இரண்டு பேரும் சேர்ந்த எடை. நீ போன பிறகு சின்னவள் வீட்டு எடை மேடையில் தனியாக நிற்க மாட்டேன் என்று அழுதாள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டால் நிற்பாள், சரி தொலையட்டும் என்று இரண்டு பேரையும் ஒன்றாக ஏற்றி நிறுத்துவிட்டேன். சாக்கோடு நிறுத்துச் சாக்கைக் கழிப்பது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். அவனைத் தனியாக ஒரு தடவை ஏற்றிக் கழித்திருந்தால் போதும், அதற்கு அரை நிமிஷம் ஆகுமா? மொத்தம் கூடுகிறது, அது போதும் எனக்கு. எந்தக் கடைக்காரனாவது இரண்டு சரக்கைச் சேர்த்து நிறுத்து மொத்தக் கணக்குக் காட்டியிருந்தால் அன்றைக்கே கடைக்குப் பூட்டுப் போட்டிருப்பேன். தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டினவனையும் ஈயத் துண்டு செருகினவனையும் வாசலில் நின்றே கண்டுபிடித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அவள் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியபோது எலாஸ்டிக்கில் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனிடம் சண்டைக்குப் போனேன். போனில் பேசும்போது காமிராவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள், கன்னம் உப்பித் தெரியும், நீயும் ஏமாந்தாய். அன்றைக்கு மேடையிலேயே பார்த்தேனே, ஒரே கருவி ஒருத்தனுக்குக் கூட்டியும் ஒருத்திக்குக் குறைத்தும் காட்டாது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை, ஒப்புக்கொள்ள மனசில்லை.

பெரியவனை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டேன். அவன் அழுதுகொண்டே தட்டு காலியாகணும்ல தாத்தா என்றான். தட்டில் பருக்கை மிச்சம் இருந்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது என் சட்டம். நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பேன், திரும்பிப் பார்க்கும்போது இரண்டு தட்டும் பளபளவென்று இருக்கும். தன்னுடையதைத் தின்றுவிட்டு, அவள் நாலு வாயோடு ஒதுக்கி வைத்ததையும் இவன் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான், வேளைக்கு வேளை, ஏழு மாசமாக. எனக்குப் பசிக்கவே இல்லை தாத்தா, ஆனா அவ சாப்பிடலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சா அம்மாவுக்கு வேலை போயிடும்ல என்றான். அது என்ன பேச்சு என்று எனக்கு விளங்கவில்லை. சின்னவளைப் பார்த்தேன், அவள் எழுந்து அந்தக் கோடிக்கு ஓடிவிட்டாள்.

அந்தக் கூடத்தின் இரண்டு கோடியிலும் ஆள் உயரத்துக்குச் சட்டி மாதிரி குழிந்த சுவர் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு கோடியில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் மறு கோடியில் காதைக் கொடுத்தவருக்குக் கேட்கும், நடுவில் நிற்கிற கூட்டத்துக்குக் கேட்காது. ஆரஞ்சுச் சட்டைக்காரி என் கையைப் பிடித்து, சார் பாப்பா உங்ககிட்ட ஏதோ சொல்றா, இங்க உட்காருங்க என்றாள். அவளை நான் அவ்வளவு பேசியிருந்தும் சொன்னாள். அந்த மேலாளருக்கும் படம் பிடித்த கூட்டத்துக்கும் எதிரிலேயே நான் போய்ச் சட்டிக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்தேன். முப்பதடி தள்ளி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், குரல் என் காதுக்குள்ளேயே கேட்டது. என் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்ததை எல்லாம் அந்தச் சுவரிடம் சொன்னாள். தாத்தா, நான் சாப்பிடலைன்னா அம்மா வேலையை விட்டுட்டு ஓடி வரணும்னு சொன்னீங்கல்ல, அதான் நான் சாப்பிடலை, அண்ணன் எல்லாத்தையும் சாப்பிட்டுர்றான், அதனாலதான் அம்மா இன்னும் வரலை, அவனைச் சாப்பிட வேண்டாம்னு சொல்லுங்க தாத்தா.

நான் சொன்னதுதான். நீ போன முதல் மாசம், அவள் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது மிரட்டுவதற்காகச் சொன்னது. ஒரு தடவையா, ஒன்பது தடவையா, அதுகூட ஞாபகம் இல்லை. ஒரே மிரட்டல், பெரியவன் அதைக் கேட்டுப் பயந்தான், சின்னவள் அதைக் கேட்டு நம்பிக்கை வைத்தாள். உனக்கு வேலை போகக் கூடாது என்று அவன் இரண்டு பேர் சாப்பாட்டைத் தின்றான், நீ வர வேண்டும் என்று அவள் ஒரு பேர் சாப்பாட்டையும் விட்டாள். நான் நடுவில் உட்கார்ந்து கூட்டிக் கூட்டி நாற்பத்துமூன்றரை என்று எழுதினேன். தும்முகிற மூக்குக்குக் கை தட்டினவர்கள் எல்லாம் என்னைவிட எவ்வளவோ மேல். அந்தக் குமிழிக்காரியாவது பிள்ளை அழுவதைப் பார்த்தாள்.

மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். நோய் ஒன்றும் இல்லை, இரத்தம் கொஞ்சம் குறைவு, சாப்பிட்டால் இரண்டு மாசத்தில் தேறிவிடுவாள் என்றார். நீங்க கூடத்தானே சார் இருக்கீங்க என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார் ஒரு பார்வை, நான் எத்தனையோ கடைக்காரர்களைப் பார்த்த அதே பார்வை, எனக்கு வேண்டியதுதான். இப்போது நான் மேசையில் அவள் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், பாத்திரம் கிடக்கட்டும். தட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டேன். பெரியவன் தன் சாப்பாட்டோடு எழுந்துவிடுகிறான், இரண்டு நாளாக முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. சின்னவளிடம் நீ சாப்பிட்டாலும் அம்மா வருவாள் என்று சொன்னேன். எப்போ என்று கேட்டாள். சீக்கிரம் என்று சொல்ல வாயெடுத்தேன், இனி இந்தப் பிள்ளையிடம் தெரியாத ஒன்றைச் சொல்லக் கூடாது என்று மூடிக்கொண்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பிள்ளைகள் நன்றாக இல்லை. கையெழுத்துப் போடாதே. மாப்பிள்ளை வேண்டுமானால் தன் கெடு முடியும் வரை இருந்துவிட்டு வரட்டும், நீ வா. அடம் பிடித்தால் கேட்டது கிடைக்கும் என்று பிள்ளைக்குப் பழக்கிவிடக் கூடாது என்று உனக்குப் புத்தி சொல்ல அங்கே நாலு அறிவாளிகள் இருப்பார்கள், அவர்களிடம் தலையை ஆட்டிவிட்டு டிக்கெட் எடு. அவள் கேட்டது பொம்மை இல்லை. வேலை இன்னொன்று கிடைக்கும், கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்து நாலு பேரும் சாப்பிடுவோம், நான் இத்தனை நாள் சம்பாதித்தது எதற்கு. என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், நேரில் வந்து கோபித்துக்கொள், நான் வாய் திறக்க மாட்டேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், நல்லபடியாக வந்து சேருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வருகிற தேதியை எனக்கு எழுதாதே, சின்னவள் பெயருக்குத் தனிக் கடிதம் போடு, பெரிய எழுத்தாக எழுது, தானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். என் வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

பிள்ளைகளோடு காத்திருக்கும்
உன் அப்பா